படுதா போட்ட சிவப்பு வண்டி

அடக்கப் பூசையில் பங்குத்தந்தை என் கணவரைப் பற்றிச் சொன்னார்: "ஒரே முதலாளியிடம் கடைசி வரை விசுவாசமாக உழைத்த மனிதர்." கோயிலில் எல்லோரும் தலையாட்டினார்கள். முன்வரிசையில் இருந்த முதலாளி ஜம்புலிங்கம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த விசுவாசம் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும்.

கிறிஸ்துராஜ் மண்ணூர்பேட்டையில் ஒரு போல்ட் நட் கம்பெனியில் டிரைவராக இருந்தார். ஓட்டியது முதலாளியின் அம்பாசடர். ஆசைப்பட்டது பஸ். ஹெவி லைசென்ஸ் எடுத்து, எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்து வைத்திருந்தார். நாங்கள் பூந்தமல்லிக்குப் பஸ்ஸில் போனால் டிரைவருக்குப் பின்னால்தான் உட்காருவார். வளைவு வரும்போது மடியில் இருக்கும் அவர் கையும் சேர்ந்து திரும்பும். நான் பார்த்துவிட்டால் கையைக் கட்டிக்கொள்வார்.

தொண்ணூற்று ஐந்தில் முதலாளி அந்தச் சிவப்பு வண்டியை வாங்கினார். வடக்கே ஏதோ ஒரு சின்ன கம்பெனி, வெளிநாட்டு இன்ஜின் போட்டுச் செய்த ஸ்போர்ட்ஸ் கார். மொத்தமே இரண்டு சீட்டு. முதலாளிக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதனால் ஒரு சீட்டு என் கணவருக்கு, இன்னொன்று அவருக்கு. முதலாளியம்மாவுக்கு இடமில்லை.

"இன்னாண்ணே, அம்மாவ டிக்கில குந்த வெக்கப் போறியா?" என்று கேட்டான் வாட்ச்மேன் துலுக்கானம்.

புது இன்ஜின் பழகும்வரை நாற்பதுக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லித்தான் வண்டியைக் கொடுத்தார்கள். இவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். வேகத்துக்கென்றே செய்த சிவப்பு வண்டி பூந்தமல்லி ரோட்டில் ஊர்ந்து போகும். தண்ணீர் லாரி ஹாரன் அடித்து ஒதுங்கச் சொல்லும். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் காலையில் வண்டியைத் துடைத்தவர் வழக்கம்போல ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே தண்ணீர் பச்சையாக இருந்தது. அம்பாசடரில் குழாய்த் தண்ணீரை ஊற்றியே பழகியவருக்கு அது பாசியாகத்தான் தெரிந்தது. புது வண்டியில் அழுக்குத் தண்ணீரை விட்டுக் கொடுத்துவிட்டார்களே என்று அவருக்குக் கோபம். எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மூன்று முறை அலசி, கம்பெனி போர் தண்ணீரை நிரப்பினார். எங்கள் குடத்தின் விளிம்பில் சுண்ணாம்பு போலப் படியும் அதே தண்ணீர்.

"குளத்துத் தண்ணி மாதிரி கெட்ந்துச்சி ஞானம். கண்ணாடி மாதிரி மாத்திட்டேன்" என்று அன்று சாப்பிடும்போது சொன்னார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வண்டி வாங்கி ஐந்தாவது மாதம், குத்தம்பாக்கம் தாண்டியதும் முன்னாலிருந்து வெள்ளைப் புகை வந்தது. இன்ஜின் ஒருமுறை முனகி இறுகிப்போனது. லாரியில் கட்டி இழுத்து வந்து கம்பெனி ஷெட்டில் நிறுத்தினார்கள். அடுத்த வாரம் வண்டிக் கம்பெனியிலிருந்து இன்ஜினியர் வந்தார். ரேடியேட்டரைத் திறந்து விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் வெள்ளைப் பொருக்கு.

"கூலன்ட் எங்க? இன்ஜின் சூடேறாம இருக்க ஊத்தினது, பச்சையா இருந்திருக்குமே?"

அப்போதுதான் என் கணவருக்கு அதன் பெயர் தெரிந்தது.

அன்று சாயங்காலமே முதலாளியின் அறைக்குப் போய், தான்தான் மாற்றினேன் என்று சொல்லிவிட்டார். திட்டுவார், வேலையை விட்டு நிறுத்துவார் என்று எதிர்பார்த்துப் போனார். முதலாளி எழுந்து கதவைச் சாத்தினார்.

"இதை நீ எங்கிட்ட சொல்லலை. நானும் கேக்கலை. புரியுதா ராஜ்?"

"சார், தப்பு எம்மேலதான்."

"தப்பு வண்டிக் கம்பெனி மேல. வெறும் தண்ணிய விட்டுக் குடுத்தாங்கன்னு நான் கேஸ் போடப் போறேன். நீ மூடியைத் தொட்டதே இல்லை."

அப்படித்தான் வக்கீல் வாக்குமூலம் எழுதினார். இவர் கையெழுத்துப் போட்டார். அந்த மாதமே எங்களுக்குக் கம்பெனி காம்பவுண்டுக்குள் ஒரு வீடு கொடுத்தார்கள். வாடகை கிடையாது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேர் எதிரே ஷெட். உள்ளே படுதா போட்டு அந்த வண்டி. கேஸ் முடியும்வரை யாரும் தொடக் கூடாது, சனிக்கிழமைதோறும் படுதாவை அவிழ்த்து வெளியே மட்டும் துடைக்க வேண்டும் என்று உத்தரவு. நான் அந்த ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தேன். புகை போகாமல் சுவர் கறுத்தது.

இரண்டு வருடம் கழித்து, பஸ் டிரைவர் வேலைக்கு இன்டர்வியூ கார்டு வந்தது. வயது வரம்புக்குள் அதுதான் கடைசி வாய்ப்பு. கார்டை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனார். அவர் அதட்டவே இல்லையாம். காபி கொடுத்தாராம்.

"தாராளமா போ. ஆனா கேஸ் நடக்குது. நாளைக்கு நீ பொய் சொன்னேன்னு வெளிய வந்தா கவர்மெண்டு வேலை நிக்குமா? பஸ்ஸும் போயிடும், இந்த வீடும் போயிடும். யோசிச்சுக்க."

இன்டர்வியூ நாளில் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனார். பிறகு திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"மொதல்ல கோர்ட்ல உண்மைய சொல்லிடறேன். அப்பறம் எங்க வேணா போலாம். தலைக்கு மேல ஒண்ணும் தொங்காது."

"சொன்னா இந்த வீடு?"

"ஊடு கெடக்குது உடு. அம்பத்தூர்ல வேற ஊடா இல்ல?"

அதற்குப் பிறகு அவர் காத்திருந்தது அந்த ஒன்றுக்காகத்தான். வாய்தா மேல் வாய்தா. ஒவ்வொரு தடவையும் அதே சட்டை, அதே ரயில். கேட்டால் சொல்ல வேண்டியதைச் சமையலறையில் என்னிடம் சொல்லிப் பார்ப்பார். "ஐயா, அத வடிச்சி ஊத்தினது நான்தான். பாசின்னு நெனச்சேன்." சில நாள் 'ஐயா' வேண்டாம், 'சார்' போதும் என்பார்.

கடைசியாக ஒருநாள் மதியமே திரும்பி வந்தார். முகத்தைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"வண்டிக் கம்பெனி ஆளுங்க யாருமே வரல ஞானம். கம்பெனியையே மூடிட்டு ஓடிட்டாங்களாம். எதிர்த்துப் பேச ஆள் இல்ல. மொதலாளி ஜெயிச்சிட்டார்."

"உங்களைக் கூப்பிடவே இல்லையா?"

"கேக்கறதுக்கு ஒரு ஆள் வேணும்ல?"

எழுந்து நின்று நானே சொல்கிறேன் என்று வாயைத் திறந்தாராம். வக்கீல் தோளில் கை வைத்து, முடிந்துவிட்டது, உட்காருங்கள் என்றாராம். முதலாளி அவரை வக்கீலின் காரில் அழைத்துவந்தார். வழியில் ஸ்வீட் வாங்கிக் கொடுத்தார். அந்தப் பெட்டி நூல்கூடப் பிரிக்காமல் அலமாரியில் இருந்து எறும்பு மொய்த்தது. ஜெயித்த பணம் வரவில்லை. வரும்வரை வண்டி அப்படியே இருக்கட்டும் என்றார் முதலாளி.

"இனிமே நம்மள யார் புடிச்சு வெச்சிருக்காங்க? போயிடலாமே" என்றேன்.

"எங்க போறது? வயசு தாண்டிச்சி. நான் தொட்டதே இல்லன்னு இப்ப கோர்ட்டே சொல்லிட்ச்சி."

அந்தச் சனிக்கிழமை பக்கத்துப் பாடி கடைத்தெருவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கேன் வாங்கி வந்தார். படுதாவை அவிழ்த்து, வண்டியை வழக்கத்தைவிட நிதானமாகத் துடைத்தார். நான் அன்றுதான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். முன்பக்க மூடியைத் தூக்கி, கேனிலிருந்த கூலன்டை ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ரேடியேட்டரில் ஊற்றினார். மூடியைத் திருகி, சரியாக மூடியிருக்கிறதா என்று இரண்டு முறை அழுத்திப் பார்த்தார்.

மறுநாள் நாங்கள் பூசைக்குக் கிளம்பும்போது துலுக்கானம் ஷெட்டிலிருந்து கத்தினான்.

"அண்ணே, வந்து பாரேன்! செத்த வண்டி ஒண்ணுக்குப் போயிகீது!"

முந்தின நாள் ஊற்றியது ரேடியேட்டரில் நிற்காமல் வண்டிக்கு அடியில் பச்சையாகத் தேங்கி, வாசல்வரை ஓடியிருந்தது. இவர் வேட்டியை மடித்துக் கட்டி, குந்தி உட்கார்ந்து, பழைய பனியனால் தரையைத் துடைத்தார். பனியனைப் பிழிந்து காயப்போட்டார். பிறகு நாலு மூலையிலும் படுதாவை இழுத்துக் கட்டினார்.