எழுதியவனே தபால்காரனும்

தலவாக்கலைக்கு மேலே நான் படிப்பித்த தேயிலைத் தோட்டத்தில், கடிதம் எழுதுவது ஒருவர் வேலை, கொண்டுபோவது இன்னொருவர் வேலை. எழுதுவது பாடசாலை வாத்தியாரான நான். கொண்டுபோவது ஆபீஸ் தபால்காரர். காலையில் ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பெரட்டு கலைந்ததும் பையோடு என் வாசலில் வந்து நிற்பார். இன்னும் ஒரு வரி திருத்த வேண்டும் என்பேன்.

"முடிஞ்சது போதும், ஒட்டிக் குடுங்க வாத்தியாரே. தபாலு நிக்காது."

அந்த மனிதர்மேல் எனக்கு அப்படியொரு எரிச்சல். யாருக்கு என்ன கடிதம் வந்தது என்பதைத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்கத் தம்பட்டம் அடிக்கிற வாய் வேறு.

எழுபதுகளின் கடைசியில், இலங்கை இந்திய ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது, அவரும் போனார். இதுதான் சமயமென்று, லயத்து ஆட்களின் கடிதங்களை இனி நானே போட்டு நானே வாங்கித் தருகிறேன் என்று ஆபீசில் சொன்னேன். ஒரு வேலைக்கு எதற்கு இரண்டு ஆள்? எல்லாக் கடிதத்துக்கும் என் பாடசாலை விலாசம். பெருமையாகத்தான் இருந்தது.

அப்போதுதான் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் வந்தார். அவருக்கும் கணவருக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இந்திய பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது. மூத்த மகள் வயது வந்தவள் என்பதால் அவளுக்குத் தனி விண்ணப்பம். அவளுடைய பாஸ்போர்ட் மட்டும் வரவில்லை. அவளுடைய காகிதம் வரும்வரை எங்கள் பயணத்தைத் தள்ளிவையுங்கள் என்று கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்துக்கு இங்கிலீஷில் எழுத வேண்டும்.

"புள்ளய விட்டுட்டுப் போக முடியாதுங்க" என்றார்.

ஒரு மணி நேரத்தில் எழுதிவிட்டேன். மறுநாள் வாசித்தபோது கெஞ்சல் அதிகமாகத் தெரிந்தது. மாற்றினேன். அதற்கடுத்த நாள் கெஞ்சல் போதவில்லை. அகராதியும் கையுமாக உட்கார்ந்து ஐந்து முறை நகலெடுத்தேன். அதிகாரியின் மனசை உருக்கப்போகிறேனாம். பிடுங்கிக்கொண்டு போக வாசலில் யாரும் நிற்கவில்லை.

"கடுதாசி போயிருச்சுங்களா?" என்று அக்கா கேட்டார். நாளைக்குப் போட்டுவிடப் போகிறோமே என்ற தைரியத்தில் "போயிருச்சுக்கா" என்றேன்.

மூன்றாம் வாரம், இரண்டே நாளில் புறப்பட வேண்டும் என்று பயணத் தேதி வந்தது. கடிதம் அகராதிக்குள் இருந்தது. அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் வாயை அடைத்துவிட்டது. தோட்டத்து வேலைப் பதிவில் அவர்கள் பேரை வெட்டி, லயத்தில் அவர்கள் இருந்த காம்பிராவையும் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

தலவாக்கலை ஸ்டேஷனில் தாய் மகளின் கையைப் பிடித்து, தோட்டத்திலேயே தங்கிவிட்ட அவளுடைய சின்னம்மாவிடம் கொடுத்தார். "அழாத. வாத்தியாரு எழுதியிருக்காரு. பதில் வந்ததும் பின்னாலயே வந்துரு." பிறகு என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன், பாவி.

அன்று மத்தியானமே அந்தப் பிள்ளைக்காக ஒரு கடிதம் எழுதி, திரும்பிக்கூடப் படிக்காமல் தபாலில் போட்டேன். அதற்குப் பதில் வந்தது, என் விலாசத்துக்கு, இங்கிலீஷில். குடும்பம் புறப்படுமுன் கேட்டிருந்தால் பயணத்தைத் தள்ளிவைத்திருக்கலாம், இனி அவள் முறை வரும்போது பார்க்கலாம் என்று இருந்தது. அவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள். என்னைத் தவிர அதை வாசிக்க அங்கே ஆளில்லை.

"காத்திருக்கச் சொல்றாங்கம்மா."

"சரிங்க சார்."

காத்திருந்தாள். அவள் முறை வருவதற்குள் வடக்கே சண்டை மூண்டு, இந்தியாவுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் கப்பலும் நின்றுபோனது. தாயின் கடிதங்கள் மட்டும் என் விலாசத்துக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றை வாசித்துக் காட்டுவதும் நான்தான், பதில் எழுதுவதும் நான்தான். ஒருமுறை இப்படி வந்தது: "அந்த ஆபீசுக்காரங்க மனசு கல்லு. வாத்தியாரய்யா மட்டும் இல்லாட்டி நமக்கு யாரு இருக்கா."

வாசித்து முடித்தேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்மா சொல்றது சரிதான்னு எழுதுங்க சார்."

எழுதினேன். அன்றைக்கே நானே கொண்டுபோய்ப் போட்டேன்.