வாசலில் கழற்றிய ஷூ

அடி அண்ணாமலையில் பிறந்து அடி அண்ணாமலையிலேயே வாக்கப்பட்டவள் ஜோதியம்மாள். பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே நாலே தெரு. வாசலை ஒட்டியே கிரிவலப் பாதை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி ஊர் உலகமே அந்த வாசலைத் தாண்டித்தான் மலையைச் சுற்றுகிறது. ஆனால் கூத்தைக் கேளுங்கள்: இந்தப் பொம்பளை இன்றுவரை மலையை ஒரு முழுச் சுற்று சுற்றியதில்லை! பௌர்ணமிதானே வியாபாரம்? கூட்டம் நடந்துகொண்டே இருக்கும்; அவள் அடுப்பண்டை நின்று சுக்குக் காபி ஆற்றிக்கொண்டே இருப்பாள். கல்லாவில் புருஷன் வேடியப்பன். கல்யாணமான புதிதில் ஒரு தரம், "நானும் ஒரு சுத்து போய்ட்டு வரட்டாங்க?" என்று கேட்டாள். "கடைய உங்கப்பனா வந்து பார்ப்பான்?" என்றார். அதோடு கேட்பதை விட்டுவிட்டாள்.

அப்பேர்ப்பட்டவள் விமானமேறி ஐரோப்பாவில், பிராக் நகரத்தில் போய் இறங்கினாள் என்றதும் ஊரே மூக்கில் விரலை வைத்தது. மகள் தென்றல் அங்கே ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பத்து நாளைக்கு வந்துவிட்டுப் போ என்று டிக்கெட் அனுப்பினாள். வேடியப்பனும் மறுபேச்சில்லாமல் சரி என்றார். அவராவது, சும்மா அனுப்புவதாவது! தன் அக்காள் மகனுக்குத் தென்றலைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்து, பெண்ணுக்குத் தெரியாமலே தாம்பூலமும் மாற்றிவிட்டிருந்தார். பையன் ஜேசிபி ஓட்டுகிறான், தங்கமானவன்தான். ஆனால் கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருக்க வேண்டும் என்பது அக்காளின் கண்டிஷன்.

"போன்ல சொன்னா வரமாட்டா. நேர்ல போயி அழுவியோ புரள்வியோ, கையோட இட்டுனு வா. அவ இல்லாம நீ மட்டும் வந்து நின்ன, அப்புறம் இருக்கு சேதி" என்று ஏர்போர்ட்டில் வைத்துச் சொன்னார்.

முதல் நாள் காலையில் தாயும் மகளும் ஊர் பார்க்கக் கிளம்பினார்கள். சேலைக்கு மேலே மகளுடைய கோட்டு, காலில் மகளுடைய ஷூ. கோட்டுப் பையில் போன். அங்கேதான் வேடியப்பன் குடியிருந்தார் என்று சொல்ல வேண்டும்.

ஆற்றின் மேல் பழைய கல் பாலம், இரண்டு பக்கமும் சிலைகள். ஒரு சிலையின் அடியில் இருந்த பித்தளைத் தகடு ஜனங்கள் தொட்டுத் தொட்டுப் பளபளவென்று மின்னியது. "இதத் தொட்டா திரும்ப இந்த ஊருக்கு வருவாங்களாம்மா, தொடு" என்றாள் தென்றல். ஜோதியம்மாள் கையை நீட்டினாள். போன் அடித்தது.

"சொன்னியா?"

"இப்பதாங்க வெளியவே வந்தோம்."

சதுக்கத்தில் ஒரு பழங்காலக் கடிகாரம். மணி அடித்தால் அதில் பொம்மைகள் வரும் என்று ஜனம் அண்ணாந்து நின்றது. மணி அடித்தது. கூடவே போனும் அடித்தது. "இன்னாடி பண்ற? அக்கா இங்கியே வந்து குந்தினு இருக்குது. சொன்னியா இல்லியா?" அவள் குனிந்து, வாயைப் பொத்திக்கொண்டு பதில் சொல்லி முடிப்பதற்குள் பொம்மைகள் உள்ளே போய்விட்டன.

"அப்பாவுக்கு இன்னாம்மா அவ்ளோ அக்கறை?" என்று சிரித்தாள் தென்றல்.

ஐயோ, அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? சொன்னால் பெற்ற மகளின் பிழைப்பு போச்சு, சொல்லாவிட்டால் தன் பிழைப்பு போச்சு. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஜோதியம்மாளுக்கும் அந்தக் காலத்தில் இப்படித்தான் ஆயிற்று. பத்தாவது கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தால், கூடத்தில் வெற்றிலைத் தட்டு இருந்தது. யாருக்கு என்று கேட்டாள். உனக்குத்தான் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். அன்றைக்கு அவளுக்காக வாய் திறக்க ஒரு நாதி இல்லை.

பெரிய சர்ச் ஒன்றின் முன்னால் வந்தார்கள். "நீ உள்ள போயி உட்காரும்மா, நான் காபி வாங்கினு வரேன்" என்று தென்றல் எதிர்க்கடைக்குப் போனாள். வாசலில் ஒரு படம் மாட்டியிருந்தது. போன், அதன் மேல் சிவப்புக் கோடு. சரிதான், நம்ம ஊர்க் கோயில் மாதிரி உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது போலிருக்கிறது என்று அர்த்தம் பண்ணிக்கொண்டாள். சாமி இருக்கிற இடத்துக்குள் காலில் ஷூவோடு எவள் போவாள்? தூண் ஓரமாகக் கழற்றி வைத்தாள். போனை ஷூவுக்குள் செருகி, மேலே சாக்ஸைத் திணித்து மூடினாள். வெறுங்காலோடு உள்ளே போய், தெரியாத சாமியைக் கும்பிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தாள். தரை ஐஸாய்ச் சில்லிட்டது.

திரும்பி வந்து பார்த்தால் ஷூ இல்லை!

"ஐயோ தென்றலு, ஷூவக் காணோம்டி! போனும் அதுக்குள்ளதான் இருக்குது!"

காபியோடு வந்த தென்றலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "இங்க யாரும்மா ஷூவக் கழட்டுவாங்க? நீ இப்பிடி உட்காரு, நான் உள்ள கேட்டுட்டு வரேன்" என்றாள். உள்ளே போகத் திரும்பியவளின் கையை ஜோதியம்மாள் பிடித்துக்கொண்டாள். காலையிலிருந்து இப்போதுதான் முதன்முதலாக அந்த "சொன்னியா" இல்லை. அந்த நிம்மதி பயமாகவும் இருந்தது. மறுபடி அடித்துவிட்டால் இந்த வாய் திறக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"அத்த பையனுக்கு உன்னப் பேசி தாம்பூலம் மாத்திட்டாருடி உங்கப்பா. நான் ஊர் பார்க்க வரல. உன்ன இட்டுனு போகத்தான் அனுப்பிச்சாரு."

தென்றல் காபியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நீயுமாம்மா?"

"நானுந்தான். வாயத் தொறக்கல, தப்புதான். இப்ப சொல்றேன் கேட்டுக்கோ. வராத. நான் அழுதாலும் வராத. அந்தாளு நெஞ்சு வலின்னு படுத்தாலும் வராத."

"உன்ன சும்மா விடுவாராம்மா?"

"விடமாட்டாரு."

தென்றல் அம்மாவின் சில்லிட்ட பாதங்களைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு அழுதாள். அப்போது சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கிழவி ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு வந்தாள். யாரோ மறந்துவிட்டுப் போனது என்று உள்ளே எடுத்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. கையை எட்டி நீட்டி அந்த ஷூவைப் பிடித்திருந்தாள். ஷூ விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

ஜோதியம்மாள் சாக்ஸை உருவிவிட்டுப் போனை எடுத்தாள்.

"எத்தினி வாட்டி அடிக்கிறது? சொன்னியா?"

"சொல்லிட்டேங்க."

"அப்பாடா! இன்னா சொல்றா?"

"வர வேணாம்னு சொல்லிட்டேன்."

வேடியப்பன் கத்த ஆரம்பித்தார். அவள் கட் பண்ணவில்லை. அப்படியே ஷூவுக்குள் போட்டாள், சாக்ஸைத் திணித்தாள், இரண்டு ஷூவையும் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். பத்தாம் நாள் அவருக்கு முன்னால் தனியாகப் போய்த்தான் நிற்க வேண்டும்; வேறு போக்கிடம் ஏது?

"ஷூவப் போடும்மா, குளுரும்."

"இருக்கட்டும்டி. இந்தக் கோயில ஒரு சுத்து சுத்திட்டு வந்துர்றேன்" என்றாள் ஜோதியம்மாள். சர்ச்சை வலது கைப்பக்கம் வைத்து வெறுங்காலோடு நடந்தாள். ஷூவுக்குள் அவர் கத்திக்கொண்டே வந்தார்.