மூன்றாவது கேட் பாஸ்

வயிற்று வலி என்று என் முன் வந்து நின்ற ஒரு தொழிலாளியை நான் ஆஸ்பத்திரிக்குப் போக விடவில்லை. பிறகு, அவர் என்னிடம் கேட்கவே இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். அப்போது எனக்கு ஐம்பத்தாறு வயது. அறியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள வழியில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில், எண்ணூர்ப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் அதிகாரியாக இருந்தேன். வேலை நேரத்தில் யாராவது வெளியே போக வேண்டுமானால் நான் கையெழுத்திட்ட கேட் பாஸ் வேண்டும். ஒரு ஷிஃப்டில் இரண்டு பேருக்கு மேல் அனுப்பினால் பம்புகளைப் பார்க்க ஆள் போதாது. ஆடி மாத ஞாயிற்றுக்கிழமைகளில்தான் பெரிய தலைவலி. திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் வரை தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவார்கள். அன்று காலை ஷிஃப்டில் பாதிப் பேருக்கு வயிற்று வலி வந்துவிடும். பொய் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். முதலில் வந்து, சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற இரண்டு பேருக்குக் கையெழுத்துப் போடுவேன். மாலையில் என் வீட்டுக்கு ஒரு தூக்குக் கூழ் வந்து சேரும்.

அந்த ஞாயிறு ஏழரை மணிக்கே இரண்டு பாஸும் போய்விட்டன. எட்டு மணிக்கு மூன்றாவதாக வந்தவர் ஒரு பம்ப் ஆபரேட்டர். நாற்பது வயதிருக்கும், அதிகம் பேசாதவர். அறையில் வேறு யாரும் இல்லை.

"சார், ராத்திரிலேர்ந்தே வவுறு வலிக்குது. நிக்க முடில. ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துர்றேன் சார்."

"உன்னையும் ஆத்தா கூப்பிட்டுட்டாளா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்து உடம்பை நிமிர்த்தினார். பிறகு திரும்பிப் போனார்.

இரண்டு மணிக்கு ஷிஃப்ட் மாறியபோது பம்ப் பக்கத்தில் சுருண்டு கிடந்தவரை ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். குடல்வால் வெடித்து வயிறெல்லாம் சீழ். இரண்டு முறை வயிற்றைத் திறந்தார்கள். பிழைத்தார். ஆனால் தைத்த இடத்தில் குடல் பிதுங்கிக்கொண்டு வந்ததால் வால்வு திருகும் வேலையை அவரால் செய்ய முடியவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விட வைத்தார்கள். மேலிடத்தில் என்னைக் கேட்டபோது, உடல்நிலை பற்றி அவர் என்னிடம் எதுவும் சொல்லவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டேன். நோயை மறைத்து இயந்திரத்தில் நின்றதற்காக அவருக்கு மெமோ கொடுத்தார்கள். நான் ஓய்வு பெற்றபோது எனக்கு மாலை போட்டார்கள்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஒரு காலை, கண்ணாடி முன் சவரம் செய்துகொண்டிருந்தேன். மேல் வயிற்றில் யாரோ கத்தியைச் செருகியதுபோல் இருந்தது. பிளேடு கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்க முடியவில்லை, நிமிரவும் முடியவில்லை. வயிறு பலகையாக இறுகிவிட்டது. மனைவி ஓடிவந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் ஆட்டோ பிடிக்கப் போனாள். ராயபுரம் வரை கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. ஆட்டோ நின்று நின்று போனது. ஒவ்வொரு பள்ளத்திலும் நான் செத்துப் பிழைத்தேன்.

முட்டி வலிக்காக நானே கடையில் வாங்கி விழுங்கிய மாத்திரைகள் இரைப்பையில் ஓட்டை போட்டிருந்தன. உடனே திறக்க வேண்டும் என்றார் டாக்டர். படிவத்தில் கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை. மனைவி போட்டாள். தள்ளுவண்டியில் மல்லாந்து போகும்போது கூரையின் குழல் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. என் பற்கள் தந்தியடித்தன. சாவு இவ்வளவு வெளிச்சமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், வயிற்றில் ஒரு குழாய். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. குடல் அசைந்து காற்றுப் பிரிந்தால்தான் தண்ணீர் என்றார் நர்ஸ். நனைத்த பஞ்சால் மனைவி உதட்டைத் துடைப்பாள். நான் பஞ்சைக் கடிக்கப் பார்ப்பேன். அடுத்த கட்டிலில் காசிமேட்டுப் படகுக்காரர் ஒருவர், குடலிறக்க ஆபரேஷன் முடிந்து எழுந்து நடக்கத் தொடங்கியிருந்தவர், தினமும் விசாரிப்பார்.

"இன்னா நைனா, வந்துச்சா? நீ முக்காத. போட்டு வெச்ச வலை மாதிரி கம்முனு கெட."

எனக்குச் சிரிக்கப் பயம். சிரித்தால் தையல் பிரிந்துவிடும் என்று தோன்றியது.

நான்காம் நாள் காய்ச்சல் வந்தது. காயத்திலிருந்து ஏதோ கசிந்தது. டாக்டர் வயிற்றை அழுத்திப் பார்த்தார். உள்ளே சீழ் இருந்தால் மறுபடி திறக்க வேண்டியிருக்கும், நாளை காலை வரை பார்ப்போம் என்றார். வார்டில் ஒரு கடிகாரம் இருந்தது. எட்டிலிருந்து இரண்டு வரை என்றால் எவ்வளவு நேரம் என்று அன்று படுத்தபடியே பார்த்துத் தெரிந்துகொண்டேன். எனக்கு வலி தெரியாமலிருக்க ஊசி போட்டிருந்தார்கள். அந்த பம்ப் ஆபரேட்டர் அவ்வளவு நேரமும் ஊசிகூட இல்லாமல், வலியோடு, இரைச்சலுக்கு நடுவில், பம்பைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். சாமியிடம் எதுவும் வேண்டிக்கொள்ளத் துணிவு வரவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பஞ்சைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, "இதை எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?" என்றாள்.

மறுநாள் இரண்டு தையல்களைப் பிரித்தார்கள். சீழ் மேலேதான் இருந்தது. காய்ச்சல் இறங்கியது. பயம் இறங்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் ஒவ்வொரு தும்மலுக்கும் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன்.

நடக்க முடிந்ததும், உண்மையை எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பினேன். ஒரு நகலோடு, வயிற்றில் பெல்ட் கட்டிக்கொண்டு, விம்கோ நகரில் அந்த ஆபரேட்டர் வீட்டுக்குப் போனேன். வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டார். உள்ளே வா என்று சொல்லவில்லை. அவர் வெளியே வந்து கடிதத்தை வாங்கி முழுவதும் படித்தார்.

"கம்பெனிக்கு எழுதினா இன்னா சார், எழுதலன்னா இன்னா? எங்கூட வேலை செஞ்சவனுங்கதான் இன்னிக்கும் கேக்குறானுங்க. வாயத் தொறந்து ஒரு பாஸ் கேக்கத் துப்பில்லையான்னு. எம் புள்ளையும் அதான் சொல்றான். நீங்க அவுங்ககிட்ட சொல்லுங்க."

தொழிற்சாலை வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை உண்டு. ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஒரு நாள் இரண்டு மணி ஷிஃப்ட் விடும்போது போய் நின்றேன். நான் சொல்லியனுப்பியிருந்ததால் அவரும் வந்திருந்தார், மகனோடு. பழைய ஆட்கள் இருபது பேர் இருப்பார்கள். இவர் எட்டு மணிக்கே என்னிடம் கேட்டார், நான்தான் கிண்டல் செய்து அனுப்பினேன், பிறகு பொய் எழுதினேன் என்றேன். குரல் எழும்பாததால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. பின்னாலிருந்து ஒருவர், "இத்த சொல்றதுக்கு ஒனக்கும் வவுத்தக் கிழிக்க வேண்டியதா கீது" என்றார். அன்று பாஸ் கேட்டவர் டீயைக் குடித்து முடித்து, என்னைப் பார்க்காமல், மகனோடு நடந்துவிட்டார்.

நிர்வாகத்திடமிருந்து பதில் வரவில்லை. ஒரு மாதம் கழித்து, டீக்கடையில் இருந்த பழைய ஆட்களில் ஒருவர் மூலம் அவர் எனக்குச் சொல்லியனுப்பினார்: மகன் இப்போது துப்பில்லையா என்று கேட்பதில்லையாம்; ஆனால் நான் இனிமேல் அவர் வீட்டுப் பக்கம் வர வேண்டாமாம். நான் போகவில்லை.