மரத்தடியில் பதிந்த மக்காச்சோளம்

இருபத்தாறு வருடம் வயல் வயலாக நடந்து பயிர்க் கணக்கெடுத்த முழங்கால் அது. வரைபடப் பிரிவுப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டதும் கணக்கெடுப்பாளர் பொத்தென்று உட்கார்ந்தார்.

"அண்ணே, நாப்பத்தோரு வயல்லயும் மக்காச்சோளம்னு எழுதியிருக்கீங்க. செயற்கைக்கோள் படத்துல எல்லாமே மரம்னு காட்டுது."

"படத்துக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? கதிரைத் தொட்டுப் பார்த்து எழுதினதும்மா."

அவள் திரையைத் திருப்பினாள். படத்தில் அவர் பதிந்த இடப்புள்ளி ஒவ்வொன்றும் வயலோரத்து மரத்தின் உச்சந்தலையில் உட்கார்ந்திருந்தது. அவருக்கு உடனே விளங்கிவிட்டது. வயலைச் சுற்றிப் பார்த்த பிறகு, வெயில் தாங்காமல் மரத்தடிக்கு வந்துதான் படிவத்தை நிரப்புவார். போனில் இடத்தைப் பதியும் பொத்தானையும் அங்கேயே அமுக்கிவிடுவார். காகிதப் படிவக் காலத்தில் அவர் எங்கே நின்று எழுதினார் என்று யார் கேட்டார்கள்?

"இப்ப என்ன பண்றது?"

"உங்க கணக்கையும் படத்தையும் சேர்த்துத்தான் மொத்தப் பரப்பு போடுறோம். ஒத்துவரலேன்னா தள்ளிடுவாங்க. உங்க பக்கம் மக்காச்சோளமே விளையலைன்னு ஆயிடும். ரத்துன்னு கையெழுத்துப் போடுங்க, இல்லேன்னா வெள்ளிக்கிழமைக்குள்ள வயல் நடுவுல நின்னு திரும்பப் பதியுங்க."

அடுத்த மேசைக்காரர் தலையைத் தூக்காமலே, "நிழல் ஐயா, இந்தத் தடவை குடையோட போங்க" என்றார்.

வீட்டில் மனைவி முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டு வர வேண்டியதுதானே? ஓய்வுக்கு ஏழு மாசம்தான். அப்புறம் உங்களை யாரு தேடப் போறா?"

"தேட வேணாம். பொய் எழுதினவன்னு சொல்லாம இருந்தா போதும்."

அவள் எழுந்து தண்ணீர்ப் பாட்டிலை நிரப்பி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை உச்சிவெயிலில் நாற்பத்தோராவது வயல். அறுவடை முடிந்து மக்காச்சோளத் தட்டையின் அடித்தாள் மட்டும் நின்றது.

"என்ன ஐயா, போன தடவை எண்ணினதுல ஒரு கதிர் குறைஞ்சுதா?" என்றார் வயல்காரர்.

"கதிர் சரி. நான் நின்ன இடம்தான் தப்பு."

"மரத்தடிதானே? நல்ல இடமாச்சே."

கணக்கெடுப்பாளர் வயலுக்குள் இறங்கினார். தாள் கணுக்காலைக் கீறியது. நட்டநடுவில் நின்று போனை உயர்த்தினார். திரையில் இடத்தைத் தேடும் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் நின்றது. பொத்தானை அமுக்கினார்.

மரம் நூறடி தள்ளித்தான் இருந்தது. அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பில்லை. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தாளுக்கு நடுவே வெயிலிலேயே உட்கார்ந்தார்.