மாரிக்கண்ணன் மதுரைக்குப் போன இரண்டு நாள்

கல்யாண வீட்டுக்குப் போனால் மாரிக்கண்ணன் பந்திக்கு முந்த மாட்டான். மேளக்காரர்களுக்கு எதிரே போய் உட்கார்ந்துவிடுவான். நாயனம் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரு முறை கேட்டதை மறுநாள் சீழ்க்கையில் அப்படியே கொண்டுவந்துவிடுவான். தாயில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை. வேலை முடிந்து தொட்டியடியில் கைகால் கழுவும்போது அவன் சீழ்க்கை கிளம்பும். வேனுக்குக் காத்திருக்கும் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள்.

ஒரு வைகாசியில் அவன் வேலை பார்த்த ஷெட்டுக்கு அடுத்த ஷெட்டில் தீப்பிடித்தது. போர்மேன் சோணைமுத்து “ஓடுங்கலே!” என்று போட்ட கத்தல் காதில் விழுந்ததும் மாரிக்கண்ணன் வெளியே பாய்ந்தான். அவர்கள் ஷெட்டும் வெடித்தபோது, அவனோடு மருந்து கலக்கிக்கொண்டிருந்த சுந்தரபாண்டி வாசலைத் தாண்டியிருக்கவில்லை.

காதுக்குள் பல நாள் இரைச்சல் இருந்தது. அது அடங்கியபோது மற்ற சத்தங்களும் ஒவ்வொன்றாக விலகத் தொடங்கின. முதலில் குருவிகள், பிறகு அடுப்படிச் சத்தம், பிறகு மனுசர் பேச்சு. அவன் யாரிடமும் சொல்லவில்லை. காது மந்தம் என்று தெரிந்தால் மருந்து அறைக்குள் விடமாட்டார்கள். அவனுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். பேசுகிறவர்களின் வாயைப் பார்த்தே பதில் சொல்லப் பழகினான். சீழ்க்கை நின்றுபோனது. அவன் மனைவி மாடத்தி கேட்டதற்குப் பல் ஆடுகிறது என்றான்.

இரண்டாயிரத்து ஏழில் தீபாவளி சீசன் முடிந்து கம்பெனி அடைத்திருந்தது. மகள் சினேகா அப்போது ஆறாம் வகுப்பு. நன்றாகப் படம் வரைவாள். மதுரைக் கோயில் சிலைகளைப் பார்க்க வேண்டுமென்று அவளுக்கு வெகுநாள் ஆசை. மாடத்தி நினைத்தது வேறு.

“கோயில்ல சாயங்காலம் நாயனம் வாசிப்பாகளாம். நீங்க ஒக்காந்து கேட்டு எம்புட்டு நாளாச்சு? சனி ஞாயிறு ரெண்டு நாளும் இருந்துட்டு வருவோம்” என்றாள்.

அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து அவனால் மறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை மேலமாசி வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் பையை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பரிமாறுகிறவர், “ரவா தோசை முடிஞ்சிருச்சு, வேற என்ன வேணும்?” என்றார். மாரிக்கண்ணன் இலையில் தண்ணீர் தெளித்தபடியே, “ரவா தோசை மூணு” என்றான். சினேகா சிரித்தாள். மாடத்தி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு இட்லி சொன்னாள். பிறகு மகாலின் பெரிய தூண்களைச் சினேகா கட்டிப்பிடித்துப் பார்த்தாள். ஜிகர்தண்டா குடித்தார்கள். தெருமுனையில் சுடச்சுடப் பருத்திப்பால் குடித்தார்கள். பின்னாலிருந்து சினேகா கூப்பிட்டதற்கெல்லாம் அவன் திரும்பாமலே நடந்தான். ஊர் சுற்றிய அலுப்பு என்று நினைத்துக்கொண்டாள் மாடத்தி.

மறுநாள் காலை கோயிலில் சினேகா ஒவ்வொரு சிலைக்கு முன்னாலும் நின்றுகொண்டு நகர மறுத்தாள். இசைத்தூண்களுக்குப் பக்கத்தில் கூட்டமாக இருந்தது. ஒரு கைடு, கல்லில் காதை ஒட்டி வைக்கச் சொல்லிவிட்டு மறுபக்கம் விரலால் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். சினேகா காதை வைத்தாள்.

“யம்மா, வீணை கணக்கா கேக்குதும்மா!”

மாடத்தி கணவனைப் பிடித்து முன்னால் தள்ளினாள். அவன் குனிந்து, தூணில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். அந்த நேரம் வடக்கத்திக்காரர் ஒருவர் ஏதோ கேட்க, கைடு அவர் பக்கம் திரும்பி விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

“ஆகா! நல்ல நாதம்” என்று தலையை ஆட்டினான் மாரிக்கண்ணன்.

“யப்பா, அவுக இன்னும் தட்டவே இல்லையே!” என்றாள் சினேகா.

வேடிக்கை செய்கிறான் என்று சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவனும் சிரித்தான். மாடத்தி அவன் கையைப் பிடித்துக் கூட்டத்திலிருந்து வெளியே இழுத்துவந்தாள்.

பொற்றாமரைக் குளத்துப் படியில் போய் உட்கார்ந்தார்கள். சினேகா கீழ்ப்படிக்கு இறங்கியதும், மாடத்தி முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, “ஏங்க, எம்புட்டு நாளா இப்படி?” என்று கேட்டாள்.

திரும்பிப் பார்த்தாள். அவன் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அழுவதைக் கண்டதும்தான் அவனுக்கு எல்லாம் விளங்கியது.

“அந்த வெடிக்குப் பெறகுதான்” என்றான்.

“அன்னைக்கு அவரு கத்துனது காதுல விழுந்துச்சு, பொழச்சீக. நாளைக்கு ஒருத்தன் கத்துனா என்ன செய்வீக?”

அவன் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலை குனிந்தான். ரகசியமாகச் சண்டை போடக்கூட முடியவில்லை. உரக்கப் பேசினால் ஊரே பார்க்கும்.

உடனே ஊருக்குப் போய்விடலாம் என்றாள். அவன் சம்மதிக்கவில்லை. “நாயனம் வாசிக்கட்டும். இருந்து பாத்துட்டுப் போவோம்” என்றான்.

சாயங்காலம் மேளக்காரர்களுக்கு எதிரே, கை எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்தான். தவிலின் அடி, எங்கோ தூரத்தில் கதவு தட்டுவது போல அவனுக்கு வந்து சேர்ந்தது. நாயனக்காரரின் கன்னம் உப்புவதையும், துளைகளின் மேல் விரல்கள் ஓடுவதையும் பார்த்தான். எந்த ராகம் என்று அந்த விரல்களிலிருந்து கண்டுபிடிக்கப் பார்த்தான். முடியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாடத்தி பக்கம் திரும்பி, தன் குரல் எவ்வளவு உயர்கிறது என்று தெரியாமலே சொன்னான்:

“நாயனம் கேக்கல புள்ள. சுத்தமாக் கேக்கல.”

நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாடத்தி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சினேகா அப்பாவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டாள். மேளம் முடிகிறவரை மூவரும் எழுந்திருக்கவில்லை.

கார்த்திகை கடைசியில் கம்பெனி திறந்தது. சோணைமுத்து வீட்டுக்கே வந்துவிட்டார். “புது ஆர்டர் வந்திருக்கு, மருந்துக்கு ஆளில்ல. நாளைக்கே வரச் சொல்லுத்தா” என்றார். மாடத்தி வாசலை மறித்து நின்றாள்.

“அவுகளுக்குக் காது கேக்காதுண்ணே. வேற ஆளப் பாருங்க.”

தெருவே கேட்டது. உள்ளேயிருந்த மாரிக்கண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வருவதற்குள் சோணைமுத்து சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார். என்ன சொன்னாய் என்று கேட்டான். அவள் அவன் முகத்துக்கு நேரே நின்று, ஒரு சொல் விடாமல் திரும்பச் சொன்னாள். அவன் அன்று சாப்பிடவில்லை. அவளோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

பிறகு வீட்டிலேயே பட்டாசுக்கான காகிதக் குழாய் சுற்றினான். கைகள் வேகமாகப் பழகிக்கொண்டன, மனசு பழகவில்லை. வெளியே வேன் வந்து ஆட்களை ஏற்றும் நேரத்தில் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவான். இரண்டு வருஷத்தில் தவில் அடியும் கேட்காமல் போனது. கல்யாண வீடுகளுக்கு மாடத்தி மட்டும் போய்வந்தாள்.