நடு ஆணியில் ஒரு கரண்டி

போட்டோக்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருந்தவளுக்குத் தன் வீட்டுச் சுவரே உறுத்திக்கொண்டிருந்தது. பட்டாளத்தில் இருந்த தாத்தாவின் பதக்கமும் பெரியப்பாவின் பதக்கங்களும் அவள் செய்த கண்ணாடிப் பெட்டிகளில் மின்னின. பட்டாளத்துச் சமையல்காரராக இருந்த அப்பாவுக்கு மட்டும் ஒன்றுமில்லை.

“நான் என்னத்தக் கிழிச்சேன்? அடுப்பு ஊதினவன்தானேம்மா” என்று அவர் நழுவிவிடுவார்.

அவள் விடவில்லை. பரணில் கிடந்த அவருடைய பட்டாளத்துக் கரண்டியைத் தேய்த்துத் துடைத்தாள். எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காத நீளம் அது. அதற்கென்றே தேக்கில் ஒரு பெட்டி இழைத்து, பச்சை வெல்வெட் விரித்து, கரண்டியைப் பொருத்தி, கீழே அவருடைய பெயர்ப்பட்டையைத் தைத்தாள்.

பார்த்ததும் அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள். “அடியே, கரண்டிக்கெல்லாமா கண்ணாடி?”

பெரியப்பா சிரிக்கவில்லை. எழுந்து போய், நடு ஆணியில் தொங்கிய தன் பெட்டியைக் கழற்றினார்.

“குண்டு விழுந்துக்கிட்டு இருந்தப்ப, தரையோட தரையா ஊர்ந்து வந்து எங்களுக்குச் சோறு போட்டவன் இவன்” என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, தம்பி மகள் பக்கம் திரும்பினார். “இங்க மாட்டும்மா.”

மாட்டினாள். பெரியப்பா விறைப்பாக நின்று தம்பிக்கு ஒரு சல்யூட் அடித்தார். அப்பா கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “கோணலா இருக்கு பாரு, இடது பக்கம் தூக்கு!” என்று அதிகாரம் பண்ணினார்.