ஃபுளோரா இருக்கிறாளா?

போன நத்தாருக்கு, கிறிஸ்துமஸுக்குத்தான், என் மகள் ஆரணி எனக்கு ஒரு பசுவைப் பரிசாகத் தந்தாள். பசு வீட்டுக்கு வரவில்லை. ஒரு படமும் ஒரு சான்றிதழும்தான் வந்தன. இன்டர்லாக்கனுக்கு மேலே ஒரு மலைக்கிராமத்தில் ஃபுளோரா என்றொரு பசு நிற்கிறதாம். ஒரு வருடத்துக்கு அதன் பராமரிப்பில் ஒரு பங்கு என் பெயரில் போகுமாம். அதனால் ஒரு சிறு விவசாயி மலையை விட்டு இறங்காமல் பிழைப்பாராம். "பெட்டி இல்லை, பிளாஸ்டிக் இல்லை, ஒரு குப்பையும் இல்லை அப்பா" என்றாள். விலை முந்நூறு பிராங்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நான் சூரிச்சுக்குப் பக்கத்தில் டீட்டிகோனில் பொதிக் களஞ்சியம் ஒன்றில் வேலை செய்கிறவன். மார்கழி மாதத்தில் 'இயற்கைக்கு உகந்தது' என்று பச்சை எழுத்தில் அச்சடித்த பெட்டிகளைத் தூக்கித் தூக்கி முதுகு போயிருக்கிறது. உள்ளே கைக்கடக்கமான ஒரு சவர்க்காரம், மிச்சமெல்லாம் காற்று. தர்மக் காரியமும் அப்படித்தான். ஊர்ப் பிள்ளைகளுக்கென்று காசு சேர்க்க வந்த இரண்டு பேர் ஒரே பிள்ளையின் படத்தை வெவ்வேறு பெயர் சொல்லிக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன். பிள்ளைக்கே அந்தக் கதி என்றால் மாட்டுப் படத்தைக் கேட்கவா வேண்டும்?

"உம்மை ஆரோ நல்லாப் பேய்க்காட்டிப் போட்டாங்கள்" என்றேன் மகளிடம். அவள் முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு என்னோடு அளந்துதான் கதைத்தாள்.

என் மனைவி சாந்தி வேறு வழியில் போனாள். ஃபுளோராவின் படத்தைச் சட்டம் போட்டு, சாமி அறையில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டி, குங்குமமும் வைத்துவிட்டாள். தை பிறந்ததும், "பட்டிப்பொங்கலுக்கு எங்கட மாட்டுக்கு ஒரு வாய் குடுக்க வேண்டாமே?" என்று தொடங்கினாள். எனக்கும் அது வசதியாகப் போயிற்று. அவளுக்கு நான் பொங்கல் கொண்டுபோகிற ஆள், எனக்கு நானே துப்பறிகிற ஆள். விடுப்பு எடுத்தேன். கிராமத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த விவசாயிக்கு என்னால் தொல்லை வரக் கூடாது.

பட்டிப்பொங்கலன்று காலை ஏழு மணிக்கு டீட்டிகோனில் ரயில் ஏறினேன். சூரிச்சிலும் பேர்னிலும் மாறி ஏற வேண்டும். அரைக் கட்டண அட்டை இருந்தும் போக வர எழுபது பிராங்குக்கு மேல். பையில் பொங்கல், இரண்டு வாழைப்பழம், குங்குமச் சிமிழ், சான்றிதழ். தூன் ஏரிப் பக்கம் வந்தபோது எல்லாரும் ஜன்னல் வழியே தண்ணீரைப் பார்த்தார்கள். நான் சான்றிதழில் இருந்த காது இலக்கத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் இன்டர்லாக்கனில் இறங்கினேன். அங்கே விடுதிச் சமையலறையில் வேலை செய்கிற சிவா காரோடு நின்றான். என் ஒன்றுவிட்ட தம்பி. விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"அண்ணை, ஒரு மாட்டை எத்தினை பேருக்கு வித்திருப்பாங்கள் எண்டு யோசிச்சனீங்களோ? சீனாக்காரனுக்கு ஒண்டு, அரபிக்காரனுக்கு ஒண்டு, உங்களுக்கு ஒண்டு. எல்லாம் அதே மாடு!"

அது எனக்குத் தோன்றியிருக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்விகளோடு அதையும் சேர்த்துக்கொண்டேன்.

வளைந்து வளைந்து பன்னிரண்டு கிலோமீட்டர். பனிக்கு நடுவே ஒரு மரவீடு, அதை ஒட்டி மாட்டுத் தொழுவம். ஊலி என்ற அந்த விவசாயி ரப்பர் சப்பாத்தோடு வெளியே வந்தார். அறுபது வயதிருக்கும். சான்றிதழை நீட்டினேன். இந்த மாடு எனக்கு மட்டும்தானா என்று ஜெர்மனில் கேட்டேன்.

"இல்லை, மூன்று பேருக்கு" என்றார் உடனே. "பின்பக்கத்தில் எழுதியிருக்கிறதே."

திருப்பிப் பார்த்தேன். எழுதித்தான் இருந்தது, பெரிய எழுத்தில். சிவா இருமினான்.

தொழுவத்துக்குள் இளஞ்சூடு. பதினான்கு மாடுகள் நின்றன. ஊலி காட்டிய மாட்டின் கழுத்தில் மணி இல்லை. படத்தில் பெரிய மணி இருந்ததே என்று மடக்கினேன். மணி கோடையில் மேலே மேயும்போது மட்டும்தான், தொழுவத்துக்குள் அது ஏன் என்றார். படத்தில் நிறம் இன்னும் வெளிறலாக இருந்ததே என்றேன். அது வெயிலில் எடுத்த படம் என்றார். குனிந்து காது இலக்கத்தை வாசித்தேன். கடைசி எண் வரை சரியாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

வந்த காரியத்தைச் சொன்னேன். இன்று எங்கள் ஊரில் மாடுகளுக்கு நன்றி சொல்லும் நாள் என்றதும் அந்த மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார். பொங்கலில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டு, ஒரு பிடி மட்டும் கொடுக்கச் சொன்னார். ஃபுளோரா அதை நக்கியது. வாழைப்பழத்தைத் தோலோடு தின்றது. நெற்றியில் பொட்டு வைத்தபோது கண்ணை மூடிக்கொண்டு நின்றது. பெரிய, ஈரமான, சாந்தமான முகம். அந்த நிமிடத்தில் என் சந்தேகமெல்லாம் கழன்று விழுந்தது. மகளைப் புண்படுத்தியதை நினைத்து வெட்கப்பட்டேன்.

புறப்படும்போது ஊலி உள்ளே போய் ஒரு கடதாசிப் பையோடு வந்தார். ஒரு துண்டுப் பாற்கட்டி, கூடவே இரண்டு காய்ந்த இறைச்சிச் சுருள்கள்.

"இது பெல்லா" என்றார் அன்பாக. "போன வருடம் இதே இடத்தில் நின்றவள். அவளைத் தத்தெடுத்தவர்களுக்கும் அனுப்பினேன். நல்ல மாடு."

இத்தனை கேள்வியோடு வந்தவன், ஒரு கேள்வியைக் கேட்கவே இல்லை. இப்போது கேட்டேன்: "ஃபுளோரா?"

"இரண்டு முறை ஊசி போட்டும் சினை பிடிக்கவில்லை. வசந்தத்தில் இன்னொரு முறை பார்ப்பேன். கன்று தங்கினால் இருப்பாள். இல்லாவிட்டால் இலையுதிர்காலத்தில் இறைச்சிக் கடைக்கு. சும்மா நிற்கிற மாட்டுக்குப் போட என்னிடம் வைக்கோல் இல்லை." என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அதுவும் எழுதியிருக்கிறது" என்றார் மெதுவாக.

நிலையத்தில் அவன் கையை நீட்டினான். "பையைத் தாங்கோ அண்ணை. எங்கட சமையலறையில ஒரு போர்த்துக்கல்காரன் இருக்கிறான், சந்தோசமாச் சாப்பிடுவான். மச்சாளின்ர சாமி அறைக்கு இதைக் கொண்டு போகேலாது." பாற்கட்டியை மட்டும் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் ரயிலில், சாந்தியிடம் என்ன சொல்வதென்று யோசித்தேன். ஃபுளோராவுக்கு வயதானால் ஓய்வு கொடுப்பார்களாம் என்று சொல்லலாம். பெரிய புல்வெளி ஒன்று இருக்கிறதாம் என்று சொல்லலாம். பேர்ன் தாண்டியபோதுதான் உறைத்தது. பொய்யைப் பிடிக்கப் போனவன் நான். அங்கே ஒரு மனிதர் கேட்டதற்கும் கேட்காததற்கும் உள்ளதை உள்ளபடி சொன்னார். அன்று முழுவதிலும் பொய் கட்டியவன் நான் ஒருவன்தான்.

சாந்தி கதவைத் திறந்ததும் கேட்டாள். "மாடு உண்மையாவே நிக்குதோ?"

"ஓம், நிக்குது."

"பொட்டு வைச்சனீங்களோ?"

"வைச்சனான். வாழைப்பழத்தைத் தோலோட சாப்பிட்டுது."

ஆரணி அறைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, பல நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். சாந்தி சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள்.

"பால் வத்தினாப் பிறகு என்ன செய்வினமாம்? அதைக் கேட்டனீங்களோ?"

மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவள். சொல்லிவிட்டேன், பெல்லாவையும் சேர்த்து. ஆரணி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாந்தி எழுந்து சாமி அறைக்குள் போனாள். படத்தைக் கழற்றப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் விளக்கைத் தூண்டிவிட்டு, பிள்ளையாரோடு நேருக்கு நேர் கதைத்தாள்: "அது சினைப்பட்டுக் கண்டுத்தாச்சியாக வேணும். சொல்லிப்போட்டன்."

இப்போது மாதம் ஒருமுறை ஊலிக்குப் போன் எடுத்து, ஃபுளோராவுக்குச் சினை பிடித்துவிட்டதா என்று கேட்கிறேன். இன்னும் இல்லை என்கிறார். போன மாதம் குரலில் சந்தேகத்தோடு, உண்மையைச் சொல்லுங்கள், உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார்.